ஒரு முழத் தூரத்துப் பாட்டு

திருமலை நாயக்கர் மதுரையை ஆண்டது 1623 முதல் 1659 வரை. தீராத வயிற்று வலியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு வந்தார், வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டார், வலி போயிற்று என்கிறது தலவரலாறு. அதன் பிறகு, இங்கே உச்சிகால பூஜை முடிந்தது என்று தெரியாமல் மதுரையில் அவர் இலையில் கை வைக்க மாட்டாராம். 75 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? வழிநெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் நகரா என்னும் பெருமுரசை வைத்தார்கள். ஒன்று முழங்கியதும் அடுத்தது முழங்கும், அதைக் கேட்டு அதற்கடுத்தது. கடைசி முழக்கம் அரண்மனைக்குள் போய் விழும். இதே கதையை ஆண்டாள் கோயிலோடு சேர்த்தும் சொல்வார்கள். கட்டபொம்மனுக்கும் திருச்செந்தூர் கோயில் மணிக்கும் இப்படி ஒரு கதை உண்டு.

இதில் வரலாறு எவ்வளவு, வாய்வழிச் சரக்கு எவ்வளவு என்ற வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். கதைக்குள் இருக்கும் கணக்கு சுத்தமான கணக்கு. ஒலி பரவப் பரவ மெலியும். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். பக்கத்தில் நின்றால் காதைப் பொத்தவைக்கும் ஒரு முரசு, ஒரு மீட்டரில் 120 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 3 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அது 50 டெசிபல். லாரியும் ஒலிபெருக்கியும் இல்லாத பதினேழாம் நூற்றாண்டு நண்பகலில், காத்துக்கொண்டு நிற்பவன் காதுக்கு அது போதும். அதே முரசை வைத்து நேராக மதுரைக்கு அனுப்ப நினைத்தால், பரவியே 97 டெசிபல் போய்விடும். மிச்சம் 20 சொச்சம். அதையும் வழியிலுள்ள காற்றே விழுங்கிவிடும். முரசை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் பத்து மடங்கு ஓங்கி அடித்தாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் 3 கிலோமீட்டருக்கு ஒன்று என்று 25 மண்டபம் போட்டால் வேலை முடிந்தது. நம்மூர் வெயிலில் ஒலி வினாடிக்கு 350 மீட்டர் ஓடும். 75 கிலோமீட்டரைக் கடக்க மூன்றரை நிமிடம். ஒவ்வொரு முரசுக்காரரும் சுதாரித்துக் கோலை எடுக்க இரண்டு வினாடி என்றால் மேலும் ஒரு நிமிடம் கூட ஆகாது. ஐந்து நிமிடத்துக்குள் ராஜா சாப்பிட உட்கார்ந்திருப்பார். சோறு ஆறியிருக்காது.

அடுப்படியில் பாட்டுக் கேட்க எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான்: சத்தத்தைக் கூட்டாதீர்கள், தூரத்தைக் குறையுங்கள். 75 கிலோமீட்டருக்குப் பொருந்துவது பத்தடி அறைக்கு எதற்கு என்று தோன்றும். பொருந்தும். சொல்லப்போனால் வீட்டிலேயே இந்த விதி மிகக் கடுமையாகப் பொருந்தும் இடம் அடுப்படிதான்.

ஏன் என்று பார்க்க, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் கட்டப்படும் எந்தப் புது வீட்டின் அடுப்படிக்குள் வேண்டுமானாலும் போய் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். தரையில் டைல்ஸ். சுவரில் கூரை வரை டைல்ஸ், கழுவினால் பளிச்சென்று இருக்க வேண்டுமே. சமையல் மேடையில் கிரானைட். மேலே கான்கிரீட். சுவர் நிறைய எவர்சில்வர். தட்டிய ஓசை உடனே சாகாது. ஒரு கிணுகிணுப்பு சுற்றிச் சுற்றி வந்து மெல்ல அடங்கும். பழைய ஓட்டு வீட்டு அடுப்படியில் இது இருந்ததில்லை. ஓட்டுக்கு ஓடு இடைவெளி, புகைக் கூண்டு, கதவில்லா வாசல், மூலையில் சாக்கு மூட்டை, விறகு. அந்த அடுப்படியில் புகை உண்டு, கண்ணெரிச்சல் உண்டு, எதிர்முழக்கம் மட்டும் கிடையாது.

எதிர்முழக்கம் என்பதை அளந்து சொல்லக் கூடியதாக ஆக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் கிளமென்ட் சபைன். 1895-இல் அவருக்கு 27 வயது. பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை வினாடி வரை கூடத்துக்குள்ளேயே அலைந்துகொண்டிருந்தது. அதற்குள் அவர் பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பேசி முடித்திருப்பார். சரி செய்து கொடு என்று இளைஞர் சபைனிடம் ஒப்படைத்தார்கள். பகலில் ஊர் இரைச்சல் என்பதால் அவர் இரவில் வேலை பார்த்தார். பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ஆட்கள் தூக்கி வருவார்கள். ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி எப்போது காதுக்கு எட்டாமல் மறைகிறது என்று நேரம் குறிப்பார். இன்னும் கொஞ்சம் மெத்தை, இன்னொரு ஊதல். விடிவதற்குள் மெத்தைகள் எல்லாம் திரும்ப அரங்குக்குப் போய்விட வேண்டும். தான் உடுத்தியிருக்கும் துணிகூட ஒலியைக் குடிக்கும் என்று தெரிந்த பிறகு, எந்த இரவில் என்ன உடுப்பு என்பதையும் அவர் பார்த்துக்கொண்டார். இந்த ராத்திரி வேலையிலிருந்து பிறந்த சூத்திரம்தான் 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்ஃபனி அரங்கை வடிவமைக்க உதவியது. உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

சூத்திரம் எளிது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறை மொத்தமாக எவ்வளவு ஒலியைக் குடிக்கிறது என்ற எண்ணால் வகுக்க வேண்டும். வருவது எதிர்முழக்க நேரம், வினாடியில். குடிப்பதை அளக்க சபைன் எடுத்துக்கொண்ட அலகுதான் அழகு: திறந்த ஜன்னல். ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னலில் பட்ட ஒலி போனது போனதுதான், திரும்பி வராது. ஆகவே அது முழு ஒன்று. மற்றப் பொருள்களெல்லாம் அதில் எத்தனை பங்கு என்று கணக்கு.

பத்தடிக்கு எட்டடி, பத்தடி உயரம் உள்ள ஓர் அடுப்படியை எடுத்துக்கொள்வோம். கன அளவு 22.7 கன மீட்டர். ஆறு பரப்புகளையும் சேர்த்தால் 48 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். டைல்ஸ், கிரானைட், பூசிய சுவர் எல்லாம் சேர்ந்து, படும் ஒலியில் நூற்றில் மூன்று பங்கைத்தான் குடிக்கின்றன என்று கொண்டால், அடுப்படி முழுவதும் ஒன்றரை சதுர மீட்டர் ஜன்னலுக்குக்கூடச் சமம் இல்லை. கதவு ஜன்னல் அடைத்திருந்தால் எதிர்முழக்கம் இரண்டரை வினாடி. பாட்டுக் கச்சேரி மண்டபத்துக்கே அது அதிகம். இப்போது மூன்றடிக்கு மூன்றரையடி ஜன்னலைத் திறங்கள். கூடத்துக்குப் போகும் கதவையும் திறங்கள். இரண்டும் சேர்ந்து மூன்று சதுர மீட்டர். இரண்டரை வினாடி 0.8 வினாடியாக இறங்கிவிடும். காசு செலவில்லை. எந்தக் கடையில் எந்த விலை கொடுத்து எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் இந்த வித்தியாசத்தைத் தர முடியாது.

"பாட்டு கேக்குது, வரிதான் புரியல" என்று அடுப்படியில் சொல்கிறோமே, அதற்குக் காரணம் இந்த எதிர்முழக்கம்தான். உயிரொலிகளுக்கு வலு அதிகம், நீளமும் அதிகம். க், ச், த், ப் போன்ற மெய்கள் கண நேரத்தில் வந்து போகும், வலுவும் குறைவு. முந்தின எழுத்தின் 'ஆ' இன்னும் அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்த 'க' வந்தால், அது அடியில் புதைந்து போகும். மெட்டு தப்பிக்கும், சாகித்தியம் மாட்டிக்கொள்ளும். சத்தத்தைக் கூட்டினால் புதைப்பதும் சேர்ந்தே கூடும்.

துணி போட்டால் குறையாதா? குறையும், பாதி. ராஜபாளையம் வட்டாரம் பருத்திக்கும் நூலுக்கும் பேர்போன ஊர்; பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி நாடெங்கும் போகிறது. பருத்தி இழைகளுக்கு நடுவே காற்று முன்னும் பின்னும் ஓடும்போது உராய்ந்து, ஒலி வெப்பமாக மாறிவிடுகிறது. ஆனால் அதற்குத் துணியின் கனம் ஒலியலையின் நீளத்தில் கால் பங்காவது இருக்க வேண்டும், அல்லது சுவரை விட்டு அந்த அளவு தள்ளித் தொங்க வேண்டும். கரண்டி விழும் ஓசையில் இருக்கும் 2000 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 சென்டிமீட்டர். கால் பங்கு சுமார் இரண்டு விரற்கடை. கதவில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை அதைப் பிடித்துவிடும். கீழ்ச்சுருதியில் உறுமும் 57 ஹெர்ட்ஸ் அலை ஆறு மீட்டர் நீளம். அதைக் குடிக்க ஒன்றரை மீட்டர் கனத்துக்குப் பஞ்சு அடைக்க வேண்டும். அப்புறம் அடுப்பை வெளியே வைக்க வேண்டியதுதான். இருக்கிற இடத்தில் நெருப்பும் எண்ணெயும் வேறு; அடுப்பை ஒட்டித் துணி தொங்கவிடுவது ஆபத்து. வாசலில் ஒரு திரை, அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த 57 ஹெர்ட்ஸை நான் சும்மா எடுக்கவில்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சரியாக அரை அலை பொருந்தினால் அறை அந்தச் சுருதியைத் தானே பிடித்துக்கொண்டு முழங்கும். பத்தடிக்குப் பொருந்தும் சுருதி 57 ஹெர்ட்ஸ் பக்கம். நம் அடுப்படிக்கு நீளமும் பத்தடி, உயரமும் பத்தடி. இரண்டு திசையிலும் ஒரே சுருதி எழும்பும். ஸ்பீக்கரைக் கொண்டுபோய் மூலையில் வைத்தால் அந்த முழக்கம் உச்சத்துக்குப் போகும். பாட்டில் அந்தச் சுருதி வரும்போதெல்லாம் 'டொம்' என்று ஒரு வீக்கம் கேட்கும். பரணில் இருக்கும் தாம்பாளமும் கூட அதிரும்.

ஸ்பீக்கர் கடையில் நம்மிடம் விற்கப்படுவதோ இதே 'டொம்'தான். "பாஸ் எப்படி அடிக்குது பாருங்க சார்" என்று சொல்லாத கடைக்காரர் இல்லை. படுக்கையறைக்கு, கூடத்துக்கு அது சரியாக இருக்கலாம். அடுப்படிக்கு பாஸ் எதிரி. எதிர்முழக்கத்தை விட்டாலும், காதுக்குள்ளேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

உட்காதில் நத்தைக் கூடு வடிவில் ஒரு குழல். அதற்குள் சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சவ்வு. ஒலி வந்ததும் சவ்வில் ஓர் அலை கிளம்பி வாசலிலிருந்து உள்ளே ஓடும். கிரீச்சென்ற உயர்ந்த ஒலி வாசலருகிலேயே உச்சம் பெற்று அடங்கிவிடும். தாழ்ந்த ஒலி கடைசி முனை வரை போகும். புடாபெஸ்டில் தொலைபேசித் துறைப் பொறியாளராக இருந்த கியோர்க் ஃபான் பெகேஷி இதைக் கண்ணால் பார்த்துச் சொன்னார். 1961-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. விளைவு என்னவென்றால், தாழ்ந்த ஒலி தன் இடத்துக்குப் போகும் வழியில் உயர்ந்த ஒலிகளின் இடங்களை எல்லாம் மிதித்துக்கொண்டு போகிறது. உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அப்படி மறைப்பதில்லை. சிம்னியின் உறுமலும் ஃபிரிட்ஜின் ரீங்காரமும் ஏற்கெனவே கீழ்ச்சுருதிகளில் குடியிருக்கின்றன. அதன் மேல் நாம் பாஸையும் ஏற்றினால், மேலே இருக்கும் மெய்யெழுத்துகளுக்கும் வீணையின் மீட்டலுக்கும் இடமே இல்லை. அடுப்படி ஸ்பீக்கரில் பாஸைக் குறைத்து, நடுச்சுருதிகளைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். அதே வால்யூமில் வரிகள் துலங்கும்.

மிக்ஸி வேறு ரகம். பக்கத்தில் நின்றால் 85 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம், எல்லாச் சுருதியிலும் இரைச்சல். அதை ஸ்பீக்கரால் வெல்ல நினைப்பது வீண். இரண்டு நிமிடம் பாட்டு இல்லாமல் போனால் குடி முழுகிவிடாது. எடியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் 1911-இல் ஒன்றை எழுதினார்: சுற்றிலும் இரைச்சல் கூடினால், தன்னை அறியாமலே மனிதன் குரலை உயர்த்துகிறான். மிக்ஸி ஓடும்போது "என்ன கேட்டீங்க?" என்பது கூப்பாடாக வருவதும், அது நின்ற பிறகும் ஒரு நொடி கூப்பாடு தொடர்வதும் இதனால்தான். வால்யூம் பொத்தானிலும் நம் விரல் இதையே செய்கிறது. மிக்ஸிக்காக ஏற்றிய வால்யூமை யாரும் இறக்குவதில்லை. அடுத்து குக்கர், அதற்கு இன்னும் கொஞ்சம். சமையல் முடியும்போது தெருவுக்கே பாட்டு.

இனி, தூரம். ஸ்பீக்கரிலிருந்து நம் காதுக்கு இரண்டு வழியில் ஒலி வருகிறது. ஒன்று நேராக. இன்னொன்று சுவர், கூரை, மேடை எல்லாவற்றிலும் முட்டி மோதி வருவது. நேர் ஒலி தூரம் கூடக்கூட மெலியும். முட்டி வரும் ஒலியோ அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்கும். இரண்டும் சமமாகும் ஒரு தூரம் உண்டு. அதற்குள் இருந்தால் நாம் கேட்பது பாட்டு. அதைத் தாண்டினால் கேட்பது அறை. கூடங்களில் அந்த எல்லை ஒன்றிரண்டு மீட்டர் இருக்கலாம். நம் அடுப்படியில், ஜன்னலும் கதவும் திறந்த நிலையிலேயே, கணக்குப் போட்டால் 30 சென்டிமீட்டர் வருகிறது. முன்பக்கமாக மட்டும் ஒலியை வீசும் ஸ்பீக்கர் என்றால் 40, 45. ஒரு முழம், அவ்வளவுதான்! எதிர்ச்சுவரின் பரணில் உட்கார்ந்து நூறு வாட்டில் பாடும் பெட்டியைக் காட்டிலும், காய் நறுக்கும் இடத்தில் தலைக்கு அருகே இரண்டு வாட்டில் பாடும் சின்னப் பெட்டி தெளிவாகக் கேட்பது இதனால்தான்.

வாட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் ஆயிரம், இரண்டாயிரம் என்று பி.எம்.பி.ஓ. வாட் போட்டு விற்பது நம் சந்தையின் பழைய வழக்கம். அந்த எண்ணுக்கு எந்தத் தரநிலையும் இல்லை, மதிக்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதைப் பாருங்கள். ஓரளவு நல்ல நாலு அங்குல ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் தந்துவிடும். சாதாரணமாகப் பேசும் குரல் 60 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும் என்பதால், ஐந்து வாட்டுக்கும் பத்து வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் விலைச்சீட்டில் தெரியும், காதில் அவ்வளவாகத் தெரியாது.

எங்கே வைப்பது? மேடை மேல் வைத்தால் வசதி. ஆனால் மேடை இரண்டேமுக்கால் அடி உயரம். நிற்பவர் காது நாலேமுக்கால் அடியில். உயர்சுருதிகள் டார்ச் வெளிச்சம் போல நேராகத்தான் போகும், ஆகவே மெய்யெழுத்தெல்லாம் வயிற்றுக்குப் போய்ச் சேரும். மிக்ஸி ஓடும்போது மேடை அதிர்ந்து, சின்னப் பெட்டி நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வருவதும் உண்டு. காது உயரத்தில், காய் நறுக்கும் இடத்துக்கு நேரே அல்லது பக்கவாட்டில், பரணின் அடியில் ஒரு சின்னப் பலகை அடித்து வைத்துவிடுங்கள். அடியில் ரப்பர் பட்டை. அடுப்புக்கு மேலே மட்டும் கூடாது. அங்கே ஆவியும் எண்ணெய்ப் புகையும் தவிர, லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் கரைந்துவிடும்.

நீர் புகாத பெட்டிதானே, ஐ.பி. எண் போட்டிருக்கிறதே என்பீர்கள். எக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். எக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். குக்கர் ஆவிக்கும் கடலையெண்ணெய்ப் புகைக்கும் அந்த எண் எந்த உறுதியும் தரவில்லை. எண்ணெய்ப் புகை பெட்டியின் முன்வலையில் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் உயர்சுருதிகள் மங்கும். வலையைக் கழற்றித் துடைக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குவது நல்லது. ஸ்பீக்கரின் கூம்பு காகிதமாக இல்லாமல் பாலிபுரோப்பிலீனாக இருக்கட்டும். அதன் ஓரத்து வளையம் ஸ்பாஞ்சாக இருந்தால் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும், ரப்பர் நிற்கும்.

வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ப்ளூடூத்தை மறந்து கம்பி போடலாம். கன்சீல்டு வயரிங் குழாய் பதிக்கும்போதே ஸ்பீக்கருக்கு ஒரு தனிக் குழாய் பதிக்கச் சொல்லுங்கள். மின்சாரக் கம்பி போகும் குழாயிலேயே இதையும் திணித்தால் பாதுகாப்பும் இல்லை, 50 ஹெர்ட்ஸ் முனகலும் ஏறும். கூடத்திலிருந்து பத்து மீட்டருக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியே தாராளம்: போக வர அதன் தடை கால் ஓமுக்கும் குறைவு, எட்டு ஓம் ஸ்பீக்கரில் நூற்றுக்கு மூன்று பங்கு. விசேஷக் கம்பி என்று மீட்டருக்கு ஆயிரம் ரூபாய் கேட்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கம்பிக்கு இன்னொரு லாபம் உண்டு. கூடத்து டிவியில் ஓடும் பாட்டை அடுப்படி ப்ளூடூத்திலும் கேட்க முயன்றவர்களுக்குத் தெரியும், இரண்டும் ஒன்றோடொன்று சேராது. ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி, அனுப்பி, விரித்துப் பாட 0.2 வினாடி வரை ஆகிறது. அந்த நேரத்தில் காற்றில் ஒலி 70 மீட்டர் ஓடியிருக்கும். பத்தடி தள்ளி இருக்கும் இரண்டு பெட்டிகள், எழுபது மீட்டர் தள்ளி இருப்பவற்றைப் போல ஒன்றன் பின் ஒன்றாகப் பாடும்.

மைக்ரோவேவ் அவன் இருக்கும் வீட்டில் வேறு தொல்லை. அது வேலை செய்வது 2450 மெகாஹெர்ட்ஸில். ப்ளூடூத் பேசுவது 2402-இலிருந்து 2480 வரை. ஒரே தெரு. கொஞ்சம் கசிந்தாலும் ப்ளூடூத்துக்கு அது பெரும் இரைச்சல். சமாளிக்க அது 79 தடங்களில் வினாடிக்கு 1600 தடவை தாவிக்கொண்டே இருக்கிறது. இப்படித் தாவும் யோசனைக்கு 1942-இலேயே ஒரு காப்புரிமை உண்டு. வாங்கியவர்கள் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் ஜார்ஜ் ஆன்டைல் என்ற இசையமைப்பாளரும். நீர்மூழ்கிக் குண்டை எதிரி திசைதிருப்பாமல் இருக்கத் தாவவைத்த அலைவரிசைகள் 88. பியானோவின் கட்டைகளும் 88.

பெட்டியே வேண்டாம், ரேடியோ போதும் என்பவர்கள் தென்மாவட்டங்களில் இன்னும் நிறைய. இலங்கை வானொலியையும் திருநெல்வேலி வானொலியையும் கேட்டுச் சமைத்த தலைமுறைக்கு, மிக்ஸி வந்ததும் ஒரு கஷ்டம் சேர்ந்தது. மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் ஓயாமல் பொறி பறக்கும். ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். மத்திய அலை ரேடியோ அலையின் ஏற்றத்தாழ்வைத்தான் படிக்கிறது, பொறி அதில் நேராக விழுந்து 'கரகர'வென்று கேட்கும். பண்பலை அதிர்வெண்ணின் மாற்றத்தைப் படிப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும். கொடைக்கானல் மலை மேலிருந்து வரும் 100.5 கோடை பண்பலையின் அலை நீளம் ஏறக்குறைய மூன்று மீட்டர். எவர்சில்வர் ஸ்டாண்டில் முட்டித் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றை ஒன்று அழிக்கும், முக்கால் மீட்டர் தள்ளி ஒன்றையொன்று வளர்க்கும். நிலையம் சரியாக எடுக்காவிட்டால் குமிழைத் திருகுவதற்கு முன் ரேடியோவை இரண்டடி நகர்த்திப் பாருங்கள்.

பாட்டுக்கு இவ்வளவு செய்த பிறகு, பாட்டுக்கு அடியில் கேட்க வேண்டியவற்றையும் விட்டுவைக்க வேண்டும். பாதிச் சமையல் காதால் நடப்பது. எண்ணெயில் கடுகு வெடிப்பது அதன் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைக் கிழிக்கும் ஓசை. வெடிப்பு ஓயும் நேரம்தான் உளுந்து போடும் நேரம். வெந்நீர் வைத்தால், கொதிப்பதற்கு முன்புதான் சத்தம் அதிகம். அடியில் பிறக்கும் ஆவிக் குமிழி மேலே வரும் வழியில் குளிர்ந்த நீரில் பட்டு நசுங்கும். அந்த நசுங்கலின் கூட்டு ஓசையைத்தான் தண்ணீர் பாடுகிறது என்கிறோம். முழுக் கொதி வந்ததும் குமிழிகள் நசுங்காமல் மேல் வரை வந்து உடைவதால் சத்தம் தணியும். பால் பொங்கும்போதோ பெரிதாக எச்சரிக்கை எதுவும் கிடையாது. பால்கோவா கிண்டுகிற ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளில் கடாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஆள் நிற்பது அதனால்தான்.

காது நாக்கையும் ஏமாற்றும். ஆக்ஸ்ஃபோர்டில் மாசிமிலியானோ ஜாம்பினியும் சார்லஸ் ஸ்பென்ஸும் 2004-இல் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்கக் கொடுத்து, கடிக்கிற ஓசையின் உயர்சுருதிகளை மட்டும் ஹெட்ஃபோனில் ஏற்றிக் காட்டினார்கள். அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக இருப்பதாகத் தின்றவர்கள் சொன்னார்கள். 2008-இல் இதற்கு இக் நோபல் கிடைத்தது. 2011-இல் வெளியான இன்னோர் ஆய்வில், காதில் பெரும் இரைச்சலோடு தின்றவர்களுக்கு இனிப்பும் உப்பும் குறைவாகத் தெரிந்தன. 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விமானத்துக்குள் கேட்கும் அளவு இரைச்சலை, ஏறக்குறைய 85 டெசிபலை, ஓடவிட்டுச் சோதித்தார்கள். இனிப்பு மங்கியது, தக்காளியிலும் காளானிலும் இருக்கிற உமாமி என்னும் சுவை கூடியது. காரணமாக அவர்கள் சந்தேகித்தது ஒரு நரம்பை. நாக்கின் முன்பகுதியிலிருந்து மூளைக்குச் சுவையைக் கொண்டுபோகும் நரம்பு, நடுக்காதுக்குள் நுழைந்து செவிப்பறையை ஒட்டியே போகிறது.

85 டெசிபல் என்பது மிக்ஸியின் அளவு. அது ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அடுப்பில் சாம்பாருக்கு உப்புப் பார்ப்பவர்கள், நின்ற பிறகு இன்னொரு தடவை பார்த்துவிட்டு அள்ளிப் போடலாம்.